மெத்தைக்காரரின் கோபம்

சோபா தைக்கிற மனுஷன் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் மெத்தைக்காரர். அவருக்கு வலிப்பு உண்டு, வந்து போனால் ஞாபகம் தள்ளாடும் என்பதும் தெருவுக்கே தெரியும். அதை வைத்து லாபம் பார்க்கிற புண்ணியவான்களும் உண்டு. "ஏணியை எடுத்துக்கச் சொன்னீங்களே, மறந்துட்டீங்களா?" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். மெத்தைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, சொல்லியிருப்போம்போல என்று கொடுத்துவிடுவார்.

உடனே உள்ளேயிருந்து மனைவி வருவாள். "எப்ப சொன்னார்? எங்க வச்சுச் சொன்னார்? அப்ப நான் எங்க இருந்தேன்?" இந்த மூன்று கேள்வியில் ஏணி தானாக வீடு திரும்பும். சுத்தியல் என்ற சொல் வராமல் "அந்த... தட்டுறது" என்று அவர் திணறினால், சொல்லையும் எடுத்துக் கொடுப்பாள், சுத்தியலையும் எடுத்துக் கொடுப்பாள். மாத்திரை வலிப்பை அடக்கும், யோசனையையும் கொஞ்சம் மந்தமாக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அவர் கைக்கு மறதியே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஸ்பிரிங் கட்டுவார்.

இப்பேர்ப்பட்ட உத்தமி ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அவர் வேலை பார்ப்பது அவளுடைய அண்ணன் கடையில். சில வருஷங்களுக்கு முன்னால், தெருமுனையில் இருக்கும் அறையை எடுத்துச் சொந்தமாகக் கடை போடலாம் என்று அவர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். அண்ணன் முறைத்துக்கொள்வாரே என்ற பயம் அவளுக்கு. தனியாக இருக்கும்போது இவர் விழுந்து வைத்தால் என்ன செய்வது என்ற பயம் அதைவிடப் பெரிது. பயமாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "உங்க தலைக்குள்ள பஞ்சுதான் இருக்கு. உங்களை நம்பி யாரு சோபா குடுப்பாங்க?" என்றாள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

மறுநாள் பெரிய வலிப்பு வந்தது. தெளிந்ததும் அவளைப் பார்த்து, "நீ சாப்பிட்டியா?" என்றார். சண்டையும் இல்லை, கடையும் இல்லை. முந்தைய சில வாரங்கள் துடைத்துவிட்டாற்போலப் போயிருந்தன. "புதுசா நடந்தது மனசுல படியறதுக்குள்ள இப்படி ஆனா தங்காதும்மா" என்றார் டாக்டர். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அதை நினைத்துப் பிற்பாடு அவள் வெட்கப்படாத நாளில்லை.

போன வாரம் இருவரும் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது அவர் தெருமுனை அறைக்கு முன்னால் நின்றுவிட்டார். கதவில் 'வாடகைக்கு' என்று தொங்கியது. "இங்க ஒரு கடை போட்டா என்ன? எனக்கு இப்பதான் தோணுச்சு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே இடம், அதே பேச்சு.

"இப்ப தோணினது இல்லைங்க. முன்னாடியே சொன்னீங்க" என்று ஆரம்பித்து, பஞ்சு உட்பட ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். "பயந்துட்டேங்க. அதான் மறைச்சுட்டேன்."

"ஏணிக்காரன்கிட்ட எனக்காகச் சண்டை போட்டியே. நீயுமா?" என்றார் அவர். வீடு வந்ததும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

காலையில் சீட்டியடித்துக்கொண்டு எழுந்து வந்தார். "காபி குடு. நேத்து பாத்தோமே அந்த அறை, அதை அளக்கணும். எங்க அந்த... இழுத்து அளக்கிறது?"

அறை தங்கியிருந்தது. ராத்திரி தூக்கத்தில் வலிப்பு வந்து போயிருக்க வேண்டும், சண்டை அதோடு போய்விட்டது. சும்மா இருந்தாலே போதும், பிழைத்துக்கொள்ளலாம். அவளும் காபி ஆற்றி முடிக்கும்வரை சும்மாதான் இருந்தாள்.

பிறகு டேப்பைத் தேடியெடுத்துக் கொடுத்து, "நீங்க என்மேல கோபமா இருக்கீங்க" என்றாள்.

"நானா? எதுக்கு?"

மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள், பஞ்சு உட்பட. முந்தின நாளைவிடக் கஷ்டமாக இருந்தது. கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கிற்று. காபியைத் தள்ளி வைத்தார். எழுந்து வாசல்வரை போய் அங்கேயே நின்றார்.

"கோபமாத்தான் இருக்கேன்" என்றார் திரும்பிப் பார்க்காமல். "இருந்தாலும் டேப்போட அந்த முனையைப் பிடிக்க ஆள் வேணும், வா. நாளைக்கு மறந்துட்டேன்னா திரும்பவும் சொல்லு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.