பிரவுண் பேப்பருக்குள் ஒரு முதற்பதிப்பு

பழைய சிறுவர் படக்கதைகளின் முதற்பதிப்புகளைச் சேர்க்கும் பைத்தியம் எனக்கு உண்டென்பது உங்களுக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தேடிய ஒன்று போன கிழமைதான் பக்கத்து நகரமான லவாலில் பழைய சாமான் விற்ற ஒரு வீட்டில் கிடைத்தது. ஓரங்கள் கிழிந்திருந்தாலும், ஓவியர் வரைந்த மேலுறை அப்படியே இருந்தது. அந்த உறைக்காகத்தான் வாங்கினேன்.

இன்று வேலையால் வந்து பார்த்தால், புத்தகத்துக்குப் பிரவுண் பேப்பர் உறை. அதன்மேல், கார்டரிக்கு, அதுதான் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு, போட்டுப் போகும் உடுப்புகளில் ஒட்டுகிற லேபிள். லேபிளில் நான்கு வயது மகளின் பெயர்.

"பழைய உறை எங்கையப்பா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"அது கிழிஞ்சு போச்செல்லே. ரீசைக்கிளிங்கிலை போட்டன், காலமை லொறி எடுத்திட்டுது. மூலை மடிச்சிருக்கிற வடிவைப் பாரும்! எங்கடை கணக்கு வாத்தியாரே மெச்சுவார்."

சண்டை போடத் தெம்பில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்துவிட்டேன்.

மகள் ஓடி வந்தாள். "அம்மா, இதிலை என்ர பேர் இருக்கு. இனி நான் தொடலாமோ?"

என் அலுமாரியில் ஒரு புத்தகத்தைக்கூட அவளை நான் தொட விட்டதில்லை. கிழித்துவிடுவாளோ என்ற பயம்தான்.

"ஓம்" என்றேன்.

இப்போது அதைக் கட்டிப்பிடித்தபடி நித்திரை. எந்தப் பக்கம் கசங்குகிறதோ என்று நான் பக்கத்தில் விழித்திருக்கிறேன்.

கணவர் கதவால் எட்டிப் பார்த்துக் கேட்கிறார்: "பேப்பர் மிச்சமிருக்கு. மற்றதுகளுக்கும் போடட்டோ?"

நீங்களென்றால் என்ன சொல்லுவீர்கள்?