துடுப்பு நறுக்கிய மீன்

எங்கள் குடும்பத்தில் காவல் தெய்வமான மாடனையே எதிர்த்து நின்றவள் ஒருத்தி உண்டு. என் சித்தி. பெருமையாகத்தான் சொல்கிறேன், முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளட்டும்.

சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் குளம். அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவருக்கும் அதில் மீன் பிடிப்பதுதான் பிழைப்பு. எழுபதுகளின் கடைசியில் தூத்துக்குடியிலிருந்து மீன் ஆராய்ச்சி செய்யும் அம்மா ஒருவர் ஜீப்பில் வந்தார். டாக்டர் பட்டம் பெற்றவர் என்றார்கள். அவ்வளவுதான், இருமல்காரர்களெல்லாம் அவர் முன்னால் வரிசையில் நின்றுவிட்டார்கள். கட்லா குஞ்சு எங்கள் குளத்தில் வளருமா என்று பார்க்க வந்திருந்தார். வளர்ந்தால் குளம் எங்கள் மீனவர் சங்கத்துக்கே கிடைக்கும். வளராவிட்டால் ஏலம்தான். வெளியூர்க் குத்தகைக்காரர் வலை வீசுவார், நாங்கள் கரையில் நின்று வாயைப் பிளக்கலாம்.

நல்ல காரியமாயிற்றே என்று, கரையிலிருந்த மாடனுக்கு முதலில் தேங்காய் உடைத்தார்கள். பிறகு டாக்டரம்மா அடையாளத்துக்காக ஒவ்வொரு குஞ்சுக்கும் வயிற்றுத் துடுப்பு ஒன்றை நறுக்கினார். அப்பாவும் சித்தப்பாவும் தொட்டியிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுக்க, மாடன் பார்க்கவே எல்லாம் தண்ணீருக்குள் போயின.

வினை அங்கேதான் பிடித்தது. எங்கள் பக்கம் காது நறுக்கிய கிடா என்றால் மாடனுக்கு நேர்ந்துவிட்டது. கோயில் கொடைத் திருவிழா வரும்வரை எவனும் தொடமாட்டான். தேங்காயும் உடைத்து, துடுப்பையும் நறுக்கிவிட்ட மீன் வேறு யாருடையதாம்? வலையில் விழுந்ததையெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்ப விட்டுவிட்டார்கள்.

மறு கோடையில் டாக்டரம்மா தராசோடு வந்து, அடையாள மீன் கிடைத்ததா என்று கேட்டார். நேர்ந்துவிட்டதைத் திருப்பிக் கேட்கிறாரே, பாவம், விவரம் இல்லாதவர் என்று பெரியப்பாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. "ஒண்ணும் காணலம்மா" என்றார். விட்டதெல்லாம் செத்துவிட்டது என்று எழுதுவதைத் தவிர தனக்கு வேறு வழியில்லை என்று டாக்டரம்மா தலை குனிந்தார்.

சித்தி கைக்குழந்தையை என் அம்மாவிடம் நீட்டினாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். அடியில்லாத மூங்கில் கூடையான ஊத்தாவை எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குத்த ஆரம்பித்தாள்.

"ஏலே, ஒம் பொண்டாட்டிய கரையேறச் சொல்லு! மாடன் கண்ணப் புடுங்கிருவான்!" என்று பெரியப்பா சித்தப்பாவிடம் கத்தினார்.

"புடுங்கட்டும்! கொளமே போன பொறவு கண்ண வச்சி எதப் பாக்கப் போறேன்?" என்றாள் சித்தி, திரும்பிப் பார்க்காமலே.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பாவாடையோடு நானும் இறங்கினேன். "நீ தொடாத! கரைக்கு ஓடு!" என்று பிடித்துத் தள்ளினாள். வீரத்தையெல்லாம் இவளே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

கைக்குழந்தை நீளத்துக்கு ஒரு கட்லாவைக் கொண்டுவந்து தராசில் போட்டாள். டாக்டரம்மா அதைப் புரட்டி, துடுப்பு இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார். பிறகென்ன, எங்கள் ஆண்பிள்ளைகளுக்கும் துணிச்சல் வந்துவிட்டது. சாயங்காலம்வரை தராசுக்கு ஓய்வில்லை. குளம் எங்களிடமே நின்றது.

ஆனால் சித்தி அன்று வீட்டுக்குள் வரவில்லை. அதன்பிறகும் பல நாள் வலை போடும் கொட்டகையில்தான் படுத்தாள். குழந்தையைத் தொடவே இல்லை. அம்மா ஆட்டுப்பால் புகட்டினாள், அது வீரிட்டு அழுதது. தொட்டில் ஆட்டுவது என் தலையில் விழுந்தது. பெரிய காரியம் செய்துவிட்ட மிதப்பில் பிள்ளையை எங்களிடம் தள்ளிவிட்டு ஓய்வெடுக்கிறாள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் புகார் சொன்னேன்.

மாடனை அவள் நம்பவில்லை என்றே நினைத்திருந்தேன். எங்கள் எல்லோரையும்விட அதிகமாக நம்பியவள் அவள்தான். நம்பிக்கொண்டேதான் இறங்கியிருக்கிறாள், மாடன் கோபம் தன்னோடு போகட்டும், பிள்ளைமேல் ஒட்டிவிடக் கூடாது என்று.

தினமும் வாசல்வரை வருவாள். தொட்டிலைப் பார்த்தபடி நிற்பாள், படியேற மாட்டாள். மாராப்பு நனைந்திருக்கும். குளத்தில் இறங்கிவிட்டு வருகிறாள் என்றே நான் நினைத்தேன்.