கூட்டுத்தொகை சரியாக வந்த பாட்டில்

இது என் கண்ணெதிரே நடந்தது. பேய் என்றாலே சிரிக்கிறவள் நான். அந்தச் சிரிப்பு நின்றுபோன நாளைச் சொல்கிறேன். நம்பாதவர்கள் தாராளமாக எழுந்து போகலாம், எனக்கு நஷ்டமில்லை.

1998, சித்திரை வெயில். திருப்பரங்குன்றம் போகும் வழியில், நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ், சலைன் பாட்டில் தயாரிக்கும் சின்னக் கம்பெனி. சோதனை அறை என் பொறுப்பு. மருந்து கலப்பவன் முதலாளி மகன் கோகுல்நாத். அப்பா காசில் வாங்கிய பட்டம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவனிடம் ஏடே கிடையாது.

அன்று புது மருந்தில் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தான். கரைந்திருக்கும் உப்பு மொத்தம் எவ்வளவு என்று சொல்லும் மெஷின் 290 காட்டியது. ரத்தத்திலும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

"பாத்தீங்களா மேடம்? ரத்தத்தோட அப்படியே பொருந்துது. கையெழுத்தைப் போடுங்க."

"மெஷின் கூட்டுத்தொகையைத்தான் சொல்லும் தம்பி. சோடியம் எம்புட்டு, பொட்டாசியம் எம்புட்டுன்னு நான் தனித்தனியா பாக்கணும்."

"இம்புட்டு சந்தேகம் ஆகாது மேடம்."

சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனான். தின்பதில் மட்டும் கணக்குத் தவறாது அவனுக்கு.

உச்சி வேளை. கரண்ட் போனது. ஃபேன் நின்றது.

சொட்... சொட்...

குழாயைப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

"அக்கா... கை எரியுது..."

சின்னக் குரல். முதுகுக்குப் பின்னால். திரும்பினேன். யாருமில்லை. எந்தத் தடியனோ விளையாடுகிறான் என்று சத்தமாகவே திட்டினேன்.

"எரியுதுக்கா..."

இப்போது காதருகில்.

என் இடது கை நரம்பு... மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை... எரிந்தது.

பயந்துவிட்டேன். பொட்டாசியம் அதிகமாக ஏறினால் நரம்பு இப்படித்தான் எரியும்.

கரண்ட் வந்ததும் தனித்தனியாக அளந்தேன். சோடியம் 140, பொட்டாசியம் 5 இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தது. அந்த மூடன் கணக்கில் இரண்டையும் இடம் மாற்றியிருக்கிறான். கூடவே கரையும் குளோரைடையும் சேர்த்தால் கூட்டுத்தொகை மட்டும் அதே 290. ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

ஏப்பம் விட்டபடி வந்தான்.

"எங்கயாச்சும் அனுப்பினியாடா?"

"அலங்காநல்லூர் ரோட்டு நர்சிங் ஹோமுக்கு... காலையிலயே ஒரு பெட்டி... அவசரம்னாங்க. ரீடிங் சரியாத்தானே இருக்கு?"

போனை எடுத்தேன்.

"அந்தப் பாட்டிலை யாருக்கும் போடாதீங்க!"

நர்ஸ் திணறினாள். "ரெண்டாவது பிள்ளைக்கு இப்பத்தான் மாட்டப் போனோம்..."

"மொதப் பிள்ளை?"

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"பத்து மணிக்கே தவறிருச்சு மேடம்."

மறுநாள் இறந்த பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். நாலு வயசுப் பெண். தாய் மலையம்மாளிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கை எரியுதுன்னு பிள்ளை யாருகிட்டயும் சொல்லலையா?"

அவள் என்னை வெறித்தாள்.

"எப்பிடிம்மா சொல்லும்? எம் பிள்ளை பிறவி ஊமை."