சாவி சிஸ்டர் கொடுத்த பட்டியல்

பெண்கள் வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் யாரையும் நம்புவதில்லை. அதனாலேயே ஆஸ்பத்திரி முழுவதும் அவரை நம்பியது. மருந்து அறைச் சாவி, துணி அறைச் சாவி, எதற்கென்று எவருக்கும் நினைவில்லாத ஒரு துருப்பிடித்த சாவி எல்லாம் அவர் இடுப்பில்தான் தொங்கின. ஓசைப்படாமல் வந்து ஆளைப் பிடிக்க விரும்புகிறவர் இப்படிக் கலகலவென்று நடந்து வருவது பொருத்தமில்லைதான். சாவி சிஸ்டர் என்று அவர் முதுகுக்குப் பின்னால் பெயர். அது அவருக்குத் தெரியும். யார் வைத்த பெயர் என்றும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்; அந்த ஊகம் தவறு.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் மாடி வார்டுக்கு ஒரு சக்கர நாற்காலியை இரவல் கொடுத்தார். நான்கு சக்கரத்தோடு போனது மூன்றோடு திரும்பி வந்தது. ஏன் என்று அவரிடம்தான் எழுதி வாங்கினார்கள். அன்றிலிருந்து இரவல் என்ற பேச்சே இல்லை. இன்சார்ஜ் ஆன பிறகு, புதிதாக வருகிற நல்ல சாமான் எதுவும் வார்டில் ஒரு வாரத்துக்கு மேல் கண்ணில் பட்டதில்லை. துணி அறையில் இருந்த இரும்பு அலமாரிக்குள் போய்விடும். ஓட்டை உடைசல் வெளியே உழைத்தது; நல்லது உள்ளே ஓய்வெடுத்தது.

அப்படி ஒன்பது வருஷம் ஓடிய பிறகு நர்சிங் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. மூன்றாம் வருஷ மாணவிகள் எட்டுப் பேர் வார்டில் பயிற்சிக்கு வரப்போகிறார்கள். கீழே பெண்கள் வார்டு, மாடியில் ஆண்கள் வார்டு, இரண்டும் விண்ணப்பிக்கலாம். ஆசிரியை ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். இரண்டும் தேறினால் மாணவிகளைப் பிரித்து அனுப்புவார்கள். ஒன்றுதான் தேறினால் எட்டுப் பேரும் அங்கே. அவர்களைக் கவனித்துக்கொள்ள, தேறாத வார்டிலிருந்து ஒரு நர்சும் அங்கே. சாவி சிஸ்டருக்கு முப்பது கட்டில்களுக்குப் பகலில் துணையாக இருந்ததே ஒரு நர்ஸ்தான். சின்னவளே என்று கூப்பிடுவார். அவளும் போய்விட்டால் முப்பது கட்டிலும் அவர் ஒருத்தர் தலையில்.

ஆனால் அவரை முதலில் உறுத்தியது அது இல்லை. கடைசி வரி: ‘வார்டில் இயங்கும் நிலையில் உள்ள கருவிகளின் முழுப் பட்டியலை இணைக்கவும்.’

வீட்டில் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலை. எந்த வண்டி தாமதமானாலும் அதற்கு ஒரு சாதாரணக் காரணம்தான் இருக்கும் என்று நினைக்கிறவர்.

“முழுப் பட்டியல்னு எதுக்குங்க கேக்கணும்? சும்மா பட்டியல்னு கேட்டா போதாதா?”

“முழுசா இருக்கட்டும்னுதான் கேட்டிருப்பாங்க.”

“மாடி சிஸ்டரும் ஸ்டோர்காரரும் செவ்வாக்கிழமை ஒண்ணா நின்னு டீ குடிச்சாங்க. புதன்கிழமை இது வருது.”

“டீ குடிச்சது ஒரு குத்தமா?”

“அவ சக்கரை இல்லாம குடிக்கவே மாட்டா. அன்னிக்குக் குடிச்சா. மனசு வேற எங்கயோ இருந்திருக்கு.”

“உன்ன ஏமாத்த ஒரு கமிட்டியே போட்டு உக்காந்திருக்காங்களா என்ன?”

“கமிட்டி எதுக்கு? ரெண்டு பேர் போதும்.”

கணவர் அடுத்த சட்டையை எடுத்து மடித்தார். அதை அவர் மடித்த விதத்தையும் சிஸ்டர் குறித்துக்கொண்டார்.

மறுநாள் பட்டியல் தயார். பி.பி. மிஷின் ஒன்று, தட்டினால் ஓடும். எடை மிஷின் ஒன்று, இரண்டு கிலோ கூடக் காட்டும். தர்மாமீட்டர் இரண்டு. பொய் ஒன்றுமில்லை, வெளியே இருந்தது அவ்வளவுதான்.

சின்னவள் வாங்கிப் படித்தாள். “அக்கா, ஒரு வார்டுக்கு பி.பி. மிஷின் நாலாவது இருக்கணும்னு கடிதத்துல போட்டிருக்கே.”

“போடட்டும்.”

“அந்த அலமாரியில...”

“எந்த அலமாரி?”

துணி அறையில் இருந்தது ஒரே அலமாரி. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்கச் சின்னவள் பெரும்பாடு பட்டாள்.

“ஒண்ணுமில்லக்கா. நாம தேறலேன்னா நான் மாடிக்குப் போகணும். அவ்ளோதான்.”

இதை வருத்தமாகச் சொன்னாளா, ஆசையாகச் சொன்னாளா? குரலில் இரண்டும் இல்லை. அதுவே சந்தேகத்துக்கு இடமாக இருந்தது. மாடிக்காரி இவளிடம் முன்பே பேசிவிட்டாளோ? சிஸ்டர் அன்று முழுக்க அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். பார்த்த நேரமெல்லாம் அவள் ஏதாவது ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். இவள் இல்லாவிட்டால் அந்த வேலையை யார் செய்வது?

ஆசிரியை வர மூன்று நாள் இருக்கும்போது, அனுப்பாமல் வைத்திருந்த பட்டியல் கிழிந்தது, அலமாரி திறந்தது.

உள்ளே ஐந்து பி.பி. மிஷின்கள், ஒவ்வொன்றும் பாலிதீன் உறையில். சிஸ்டர் முதல் பட்டையைச் சின்னவளின் கையில் சுற்றி ரப்பர் பல்பை அமுக்கினார். பல்பு விரலோடு பிசினாக ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவதில் குழாய் வெடித்திருந்தது. மூன்றாவது புஸ்ஸென்றது. புது எடை மிஷினுக்குள் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரு சாமான்கூடக் களவு போகவில்லை. ஒரு சாமான்கூட உதவவும் உதவாது.

“எண்ணிக்க சரியா இருக்குக்கா,” என்றாள் சின்னவள். கேலியா என்று சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். பிடிபடவில்லை.

“டயல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரப்பர்தான் போச்சு. ஸ்டோர்ல கேக்கலாமா?”

“எத்தனைக்குன்னு கேப்பாரு. அஞ்சுன்னு சொன்னா, அஞ்சு இத்தன நாளா எங்க இருந்துச்சுன்னு கேப்பாரு.”

“மாடி சிஸ்டர்கிட்ட புது ரப்பர் ஒரு பெட்டி நிறைய இருக்கு. மேஜைக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்காங்க.”

“ஒளிச்சு வச்சது உனக்கு எப்படித் தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும்க்கா. நம்ம அலமாரி தெரியற மாதிரிதான்.”

சாவி சிஸ்டர் மாடி ஏறினார்.

“வாங்க, வாங்க. வழி தெரிஞ்சுதா?” என்றார் மாடி சிஸ்டர்.

“படி இருந்த எடத்துலதானே இருக்கு. உங்க பி.பி. மிஷின்லாம் எப்படி இருக்கு?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

“சும்மா கேக்கறவங்களா நீங்க?”

இப்படியே கால் மணி நேரம் போனது. கடைசியில் உண்மை வெளியே வந்தது. மாடியில் ரப்பர் உண்டு. டயல் எல்லாம் தரையில் விழுந்து செத்துவிட்டன. கீழே டயல் உண்டு, ரப்பர் இல்லை. ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஆசிரியை கீழே பத்து மணிக்கு, மாடியில் பன்னிரண்டு மணிக்கு. நடுவில் ஐந்து மிஷினும் பின்பக்கப் படி வழியாக மேலே போகும்.

“பாத்து முடிச்ச கையோட எனக்குத் திரும்பி வந்துடணும்,” என்றார் சாவி சிஸ்டர்.

“என் ரப்பர் என்கிட்டயே இருக்கணும்.”

“ரப்பரக் கழட்டிட்டா அது எப்படி ஓடும்?”

“அது உங்க கவல.”

அந்த நாளும் வந்தது. ஆசிரியை ஒல்லியான அம்மாள்; கழுத்தில் ஒரு பேனா தொங்கியது. கீழே எண்ணினார், குறித்தார், தலையாட்டினார், அலுவலக அறைக்குக் கையெழுத்து வாங்கப் போனார். சின்னவள் மிஷின்களைத் துணிக்கூடையில் போட்டு, மேலே ஒரு போர்வையைப் பரப்பி மாடிக்குக் கொண்டுபோனாள். சாவி சிஸ்டர் கீழேயே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பன்னிரண்டே காலுக்கு அவர் மாடி வார்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“அஞ்சு மிஷினா! நல்லா பாத்துக்கறீங்களே,” என்றார் ஆசிரியை. “எல்லாம் இந்த வார்டு சாமான்தானே?”

“ஆமாங்க.”

“அப்படியே எழுதிடட்டுமா?”

“எழுதிடுங்க, எழுதிடுங்க,” என்றார் மாடி சிஸ்டர். குரலில் தேவைக்கு மேல் ஒரு சந்தோஷம்.

“அது என்னுது!”

ஒரு நோயாளி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். சாவி சிஸ்டர் வார்டுக்கு நடுவில் நின்றார். ஒன்பது வருஷமாகக் கட்டிக் காத்த ரகசியத்தை ஒரே மூச்சில் ஊரறியச் சொல்லிவிட்டோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. கூடவே சின்னவளும் கைவிட்டுப் போனாள் என்பது அதற்கும் பிறகு.

ஆசிரியை பேனாவை மூடினார். “கீழ நான் எண்ணினதும் இதே அஞ்சுதானா?”

சாவி சிஸ்டர் பக்கத்தில் இருந்த ஒரு மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“ரப்பர் என்னுது,” என்றார் மாடி சிஸ்டர்.

ஆசிரியை காலியாக இருந்த ஒரு கட்டிலில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “எட்டுப் பொண்ணுங்களுக்கு நாலு மிஷின் கேட்டோம். நாலு பேருன்னா ரெண்டு போதும். கீழ நாலு பேர், மேல நாலு பேர். வார்டுக்கு ரெண்டு மிஷின். யார் வார்டு நர்சும் எங்கயும் போக வேணாம். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா முதல்லயே சொல்லியிருப்பேனே.”

“அஞ்சாவது?” இருவரும் ஒரே நேரத்தில்.

“ஸ்டோர்ல குடுத்துடுங்க.”

அதைவிடக் கொடிய தண்டனை அந்த அம்மாளுக்குத் தோன்றியிருக்க முடியாது. போகும்போது இன்னொன்றும் சொன்னார்: மிஷின்கள் மாணவிகளின் கைக்கு எட்டும்படி சுவரில் தொங்க வேண்டும்.

மாலையில் சாவி சிஸ்டர் சுவரில் ஆணி அடித்தார். சின்னவள் ஆணியைப் பிடித்துக்கொண்டாள்.

“உண்மையச் சொல்லு. மாடிக்குப் போகணும்னு உனக்கு ஆசைதானே?”

“ஆமாக்கா. அங்க பாதிப் பேரு தானா எழுந்து நடப்பாங்க. இடுப்பு பிழைக்கும்.”

சுத்தியல் நின்றது. இல்லை என்று சொல்லியிருந்தால் சிஸ்டர் ஒரு எழுத்தைக்கூட நம்பியிருக்க மாட்டார்.

“பின்ன எதுக்கு அலமாரிய ஞாபகப்படுத்துன? வாய மூடிட்டு இருந்திருந்தா போயிருக்கலாமே.”

“போயிருக்கலாம். ஒத்தையா முப்பது பேரப் பாத்து ஒரே மாசத்துல நீங்க படுத்துடுவீங்க. அப்புறம் என்னத்தான் திருப்பிக் கீழ இழுப்பாங்க, இன்சார்ஜா. முப்பதும் என் தலையில.”

சிஸ்டர் அதை இரண்டு தரம் மனதுக்குள் திருப்பிப் பார்த்தார். பாசம் என்று ஒரு சொல் இல்லை. நம்பாமல் இருக்க வழியே இல்லை.

“ஆணிய நேராப் பிடி,” என்றார்.