செக்போஸ்டில் இறங்கிக்கொண்ட சத்தம்

எங்கள் காரின் பின்சக்கரத்தில் சத்தம் தொடங்கியது ஓர் ஆனி மாதத்தில். கேரள எல்லைக்குள் இருந்த எங்கள் வீட்டிலிருந்து வண்டி நகர்ந்ததும் கடக், கடக் என்று ஆரம்பிக்கும். தோப்புகளுக்கு நடுவே குழிகளில் ஏறி இறங்கிப் போகும்வரை விடாது. கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டி, பொள்ளாச்சி சாலையில் வேகம் எடுத்ததும் நின்றுவிடும். திரும்பி வரும்போது செக்போஸ்டில் வேகம் குறைந்ததுமே மறுபடி ஏறிக்கொள்ளும்.

“சத்தம் கேரளாக்காரனுங்க மச்சான். எல்லை தாண்டாம செக்போஸ்ட்லயே எறங்கிக்குதாட்ட இருக்குது” என்றார் மாமா. அம்மாவின் தம்பி. பொள்ளாச்சியில் இருந்ததால் கார்களைப் பற்றித் தெரிந்தவர் என்று எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர்.

அந்த நேரத்தில் காருக்கு முக்கியமான வேலை ஒன்று காத்திருந்தது. அப்பாவின் தங்கையான அத்தை பாலக்காட்டில் நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். மறையூர்ப் பக்கம் தோட்டமும் நிலமும் உள்ள ஒரு வீட்டிலிருந்து அவளைக் கேட்டிருந்தார்கள். படித்தது போதும், பரீட்சையெல்லாம் எதற்கு என்பது அவர்கள் கட்சி. அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, அதற்கும் தலையாட்டிவிட்டார். நாங்கள் ஒருமுறை போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தால் உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்துவிடலாம். அதை ஆனிக்குள் செய்ய வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். அத்தையின் பரீட்சை ஆடியில்.

பரீட்சைக்குப் படிக்க அத்தை வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிடும்போதும் மடியில் புத்தகம் இருந்தது. பக்கம் மட்டும் புரளவில்லை.

மறையூருக்கு உடுமலை வழியாக மலை ஏற வேண்டும். சக்கரத்தில் சத்தம் போடும் வண்டியில் எப்படிப் போவது? வாடகைக் கார் என்ற பேச்சை மாமா எடுத்தார்.

“வாடகைக் கார்ல போய் எறங்குனா, கார் இல்லாத குடும்பம்னு நெனைக்க மாட்டானா?” என்றார் அப்பாரு. பிறகு அப்பாவைப் பார்த்து, “இதுலயே மெதுவாப் போயிர்லாமாடா?” என்று கேட்டார்.

அப்பா அவர் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்றும் தூணை ஒட்டி நின்றபடிதான் பதில் சொன்னார். “நீங்க சொன்னாப் போலாமுங்கப்பா. வளைவுல சக்கரம் கழண்டுக்காம இருந்தாச் செரி.”

“அப்ப மொதல்ல அதச் செரி பண்ணுங்கடா” என்றார் அப்பாரு.

மாமா பேரிங் என்றார். மறுநாள் வந்து பிரேக் டிரம் என்றார். காருக்கு அடியில் படுத்து எழுந்து, முதுகெல்லாம் மண்ணோடு, ஷாக் அப்சார்பராகக்கூட இருக்கலாம் என்றார். சக்கரத்தைக் கழற்றினால் தெரிந்துவிடும். ஆனால் ஜாக்கியைக் காணோம். யாரோ இரவல் வாங்கிப் போயிருப்பதாக அப்பா சொன்னார். பொள்ளாச்சி மெக்கானிக்கிடம் போனபோது, பட்டறையின் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெரிய சாலையில் ஓட்டிப் பார்த்தார், அங்கேயும் கேட்கவில்லை. “வண்டி நல்லாத்தானுங்க இருக்குது” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா அவருக்கு நன்றி சொன்னார்.

எனக்கு அந்தச் சத்தம் தூக்கத்திலும் வந்தது. பின்சீட்டில் காதை வைத்துப் படுத்து வருவேன். வண்டி மெதுவாகப் போனால் கடக், கடக். கொஞ்சம் வேகம் கூடினால் கடகடகட. அதற்கும் மேலே போனால் ஒன்றுமில்லை. அப்படியானால் சத்தத்துக்கு எல்லை எது என்று தெரியாது, வேகம்தான் தெரிகிறது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு மூடி, சக்கரத்தின் கம்பிகளில் கட்டிச் சுற்றினேன். மெதுவாகச் சுற்றினால் கல் உருண்டு சத்தம் போட்டது. வேகமாகச் சுற்றினால் டப்பாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பேசாமல் இருந்தது.

திருப்புளியை எடுத்துக்கொண்டு காருக்குப் போனேன். சக்கரத்தின் நடுவில் பளபளவென்று தட்டுப்போல ஒரு மூடி இருக்கும், வீல் கப் என்பார்கள். நெம்பியதும் அது கையோடு வந்தது. உள்ளே கற்கள் இருந்தன. உருண்டையாக, கழுவி வைத்ததைப் போலச் சுத்தமாக. பின்சக்கரத்தில் அத்தனை சேறு ஒட்டியிருந்தும் கற்களில் ஒரு பொட்டு மண் இல்லை.

“அப்பா! கல்லுதானுங்கப்பா! பேரிங் இல்லீங்கப்பா!”

அப்பா ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அப்போதுதான். குனிந்து கற்களைப் பார்த்தார், வீட்டு வாசலைப் பார்த்தார், பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எப்படிக் கண்டுபுடிச்சே?”

சைக்கிள் டப்பாவைப் பற்றிச் சொன்னேன். நடுவில் குறுக்கிடாமல் முழுக்கக் கேட்டார். “உங்க மாமனுக்கு இது தோணல பாரு” என்று சிரித்தார். கற்களைத் தூக்கி எறியப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒவ்வொன்றாக மூடிக்குள் திரும்பப் போட்டு, மூடியைச் சக்கரத்தில் பொருத்தி, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“ஏனுங்கப்பா மறுபடியும் போடறீங்க?”

“ஆடி பொறக்கட்டும் சாமி. அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லப்படாது. செரியா?”

நான் சொல்லவில்லை. ஆடி முதல் தேதியன்று கோவிலுக்குப் போனபோது கார் சத்தமில்லாமல் ஓடியது. முன்சீட்டிலிருந்த அப்பாரு கொஞ்ச தூரம் கவனித்துவிட்டு, “சத்தம் நின்னுபோச்சாட்ட இருக்குது” என்றார். “ஆமாங்கப்பா” என்றார் அப்பா, சாலையை விட்டுக் கண் எடுக்காமல். பின்சீட்டில் என் பக்கத்தில் அத்தை புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினாள். ஆவணி பிறந்ததும் மறையூர்க்காரர்கள் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். அதற்குள் அத்தை பரீட்சை எழுதி முடித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை நகம் வெட்டக்கூடாது என்று அம்மா சொல்வாள். இதுவும் அதுபோல ஒன்றுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஆனி மாதத்தில் வீல் கப்பைக் கழற்றக்கூடாது, தெரியாமல் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பதை அப்படியே திரும்ப வைத்துவிட வேண்டும் என்று பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். வீட்டில் கார் வைத்திருந்த ஒரு பையன், தன் அப்பாவிடம் போய் எச்சரித்துவிட்டு வந்ததாகச் சொன்னான்.