பச்சை ரத்தத்துக்குப் பன்னிரண்டு வயது

கேளம்பாக்கத்தில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் வீடியோ கேம் கம்பெனி. வெட்டுக்குத்து கேம்தான் பிழைப்பு. எந்த வயதுப் பிள்ளை எதை விளையாடலாம் என்று யாரோ பெரிய அதிகாரி உட்கார்ந்து பார்த்துச் சொல்வார் என்றுதான் வேலையில் சேரும்வரை நானும் நினைத்திருந்தேன். வெங்காயம்! ஒரு படிவம் வரும். கம்பெனியே நிரப்பி அனுப்பும். அந்தப் பதில்களை வைத்து வயது தானாக விழும். எங்கள் கம்பெனியில் நிரப்புகிறவள் நான்.

அப்போது செய்துகொண்டிருந்த ஒரு கேமில் கழுத்து அறுபடும் சத்தத்துக்காக, மாமல்லபுரம் ரோட்டில் வாங்கிவந்த தர்பூசணியை உடைத்துப் பதிவு செய்தார்கள். உடைத்ததை எல்லோரும் பங்கு போட்டுத் தின்றார்கள். எனக்கு இறங்கவில்லை. படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: ரத்தம் உண்டு, சாவது மனிதர்கள்தான், சாகும்போது கெஞ்சுகிறார்கள். பதினெட்டு என்று விழுந்தது.

மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாமா, பொழப்புல மண்ணப் போட்டுட்டியே! பதினெட்டுன்னா எவன் ஆடுவான்? ரத்தத்தப் பச்சையாக்கச் சொல்லிட்டேன். சாவுறது மனுஷன் இல்ல, பேய்னு நீ எழுது. பன்னண்டு வந்துரும்."

ஒரே மதியத்தில் ரத்தம் பச்சையானது. கெஞ்சல் மட்டும் அப்படியே இருந்தது, "என்னை விட்டுடுங்க" என்று நம் தமிழிலேயே. பேய் எங்கேயாவது கெஞ்சுமா? த்தூ! அந்த ஆள் முகத்தில் காறித் துப்பத் தோன்றியது. துப்பவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம். அவர் சொன்னபடியே எழுதி அனுப்பினேன். அன்றைக்குக் குடித்த டீகூட நாறியது.

கேம் வெளியாகி ஒரு மாதம் இருக்கும். கருங்குழியிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். அவள் மகள் ஏழாவது படிக்கிறாள்.

"அண்ணி, இவ ஒரு கேமப் புட்ச்சிகினு வுட மாட்றா. தூக்கத்துல 'விட்டுடுங்க, விட்டுடுங்க'ன்னு பெனாத்துறா. பன்னண்டுன்னு போட்டுக்கீது. ஆடலாமா?"

பெயரைக் கேட்டேன். எங்களுடையதேதான். சீ, என்ன ஜென்மம் நான்! உடம்பெல்லாம் கூசியது.

"அதுக்கு வயசு போட்டதே நான்தான்" என்று ஆரம்பித்தேன்.

"ஐயே, நீங்க போட்டதா! மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் வேற அவள ரெண்டு அட்சிட்டேன். அப்ப இன்னா, ஆடட்டும்."

பொய் எழுதித்தான் போட்டேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் குரல் போனை விட்டுத் தள்ளிப் போனது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள்.

"யக்கா, உம் புள்ளைக்கும் அதையே ஏத்திக் குடு. பயப்படாத. எங்க அண்ணியே பாத்து வயசு போட்டுக்கீறாங்க!"