டாக்டரிடம் நான் மறைத்த அம்மை

2008 வைகாசியில் ஒரு காலை என் மகள் செல்வி படுக்கையை விட்டு எழும்பவில்லை. கால் இரண்டும் துணி மாதிரிக் கிடந்தன. "அம்மா, ஏன் இன்னும் விடியல?" என்றாள். வெயில் அவள் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. பதினெட்டு வயசுப் பிள்ளை.

எல்கடுவ தேயிலைத் தோட்டத்திலிருந்து மாத்தளைக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் அனுப்பினார்கள். யுத்த காலம், வழியெல்லாம் சோதனைச் சாவடி. அம்புலன்ஸில் கிடந்தவளின் அடையாள அட்டையையும் கேட்டார்கள்.

கொழும்பில் மூளையை எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோயாக இருக்கலாம், விட்டு விட்டு வரும், ஆயுசுக்கும் மருந்து என்றார் சின்ன டாக்டர். தலையில் இடி விழுந்தது. கிட்டடியில் ஏதும் நோய் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன்.

மூன்று கிழமைக்கு முன்தான் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை கட்டி, மூன்று தண்ணீர் ஊற்றி, அம்மையாக வந்த தாயை அனுப்பிவைத்தோம். எங்கள் தோட்டத்து லய வீடுகளில் யாரும் அதை நோய் என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் தெய்வக் குற்றம். பெரிய பக்திக்காரி நான், வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். தாயே, நீ வந்து போன உடம்பு, நீயே வழிகாட்டு என்று வேண்டினேன்.

மறுநாள் பெரிய டாக்டரம்மா வந்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளின் நெற்றியைத் தடவினார். அங்கே ஒரு தழும்பு.

"அம்மை போட்டிச்சா?"

தலையாட்டினேன்.

"ஏன் சொல்லல்ல? அந்த நோய்ன்னா பழைய புள்ளியும் புதுசும் கலந்திருக்கும். இங்க எல்லாமே ஒரே நேரத்துல வந்த மாதிரி இருக்கு. இது அம்மைக்குப் பிறகு வர்ற மூளை வீக்கமா இருக்கும். அநேகமா ஒரு தரத்தோட போயிடும்."

என் பிள்ளையை ஆயுசு நோயாளியாக்கப் பார்த்தது என் வாய்தான்.

மருந்து ஏற்றினார்கள். பத்தாம் நாள் சுவரைப் பிடித்து நின்றாள். பார்வையும் தெளிந்தது. மார்கழியில் மறுபடி படம் எடுத்தார்கள். பழைய புள்ளிகள் மங்கியிருந்தன, புதிதாக ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா அந்த நோய் இல்லை என்றார். இன்று செல்வி மலையேறிக் கொழுந்து பறிக்கிறாள்.

தாயின் பிள்ளைகளே, அவளை நம்புங்கள். நான் இப்போதும் வேப்பிலை கட்டுகிறவள்தான். ஆனால் டாக்டர் கேட்டால், அவள் வந்து போனதைச் சொல்லிவிடுங்கள். கோபிப்பாள் என்று பயந்து நான் மறைத்தேன். அவளோ என் பிள்ளையின் நெற்றியிலேயே எழுதிவிட்டுப் போயிருந்தாள்.